அப்பாவின் ரிவர்ஸ் கியர்

மூன்று வருடங்களுக்கு முன், என் முதல் பிள்ளை பிறந்தபோது நடந்தது இது. புக்கிட் செந்தோசாவில் என் மாமியார் வீட்டில் இருந்தோம். அங்கே பிள்ளை பெற்றவளுக்குத் தீட்டு கழியும்வரை தனி அறை, தனித் தட்டு, சாமி அறைப் பக்கமே போகக் கூடாது. நான் அதற்கும் மேலே போனேன். கதவைத் தொட்டால் கை கழுவுவேன். பால் கொடுக்க உட்கார்ந்த பிறகு சந்தேகம் வந்து, எழுந்து போய் மறுபடி கழுவுவேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அத்தைக்கு ஒரே பெருமை.

"எங்க மருமக மாதிரி தீட்டு பாக்குற பொண்ண இந்தக் காலத்துல பாக்க முடியாதுலா!"

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. நோய்க்குப் பாராட்டு வாங்கியவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

முப்பதாம் நாள் பிள்ளைக்கு முடி எடுத்து, வீட்டைக் கழுவித் தீட்டுக் கழித்தார்கள். எனக்கு மட்டும் கழியவில்லை. என் கையில் ஒட்டியிருக்கும் ஏதோ ஒன்று பிள்ளையைக் கொன்றுவிடும் என்று மனது அடித்துக்கொண்டே இருந்தது. அது அர்த்தமில்லாத பயம் என்று எனக்கே தெரியும். ஆனாலும் குழாயை விட்டு நகர முடியாது. விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. ஒரு காலை, பிள்ளை பசியில் வீறிட்டு அழுகிறது. பால் கட்டி என் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. நான் சோப்பும் கையுமாக நின்று அழுகிறேன்.

"பெத்த பிள்ளைய தூக்க அவ்வளவு அருவருப்பா உனக்கு?" என்று கேட்டார் அத்தை.

அந்தக் கேள்வி இன்னும் வலிக்கிறது.

என் கணவர் வேலைக்குப் போயிருந்தார். கோலா சிலாங்கூரிலிருந்து பேத்தியைப் பார்க்க வந்திருந்த என் அப்பாதான் என்னை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனார். மனநலப் பிரிவில் ஒரு இளம் தமிழ் டாக்டர் நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார்.

"இது உங்க குணம் இல்லக்கா, ஓசிடிங்கிற நோய். கை கழுவினா 'போதும், முடிஞ்சிருச்சு'ன்னு மூளைக்குள்ள ஒரு சிக்னல் வரணும். உங்களுக்கு அது சரியா வர மாட்டேங்குது. அதான் ஆபத்து, ஆபத்துன்னு மணி அடிச்சிக்கிட்டே இருக்கு."

செரோடோனின் என்ற ரசாயனத்துக்கும் இதில் பங்கு இருக்கலாம், பிரசவத்துக்குப் பிறகு உடம்பு மாறும்போது சிலருக்கு இது கிளம்பும், முழுக் காரணம் இன்னும் யாருக்கும் தெரியாது என்றார். பிறகு, "குடும்பத்துல வேற யாருக்காச்சும் இப்படி இருக்கா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். அப்பா சட்டைப் பையில் கார் சாவி இருக்கிறதா என்று மறுபடி தடவிப் பார்த்தார்.

அப்பா தோட்டத்தில் டிராக்டர் ஓட்டியவர். வண்டியை நிறுத்திவிட்டு எங்கள் லயத்து வீடு வரை வருவார், பிரேக் போட்டோமா என்று திரும்பிப் போவார், வந்து மறுபடியும் போவார். தோட்டமே அவரை 'ரிவர்ஸ் கியர்' என்று கூப்பிட்டது. நாங்களும் சேர்ந்து சிரித்துத்தான் வளர்ந்தோம்.

கார் அருகே வந்ததும் கேட்டார், "அப்ப, இது நான் குடுத்ததாம்மா?"

"இந்தச் சப்பை மூக்கும் நீங்க குடுத்ததுதான்ப்பா. அதுக்கு யாரு கேஸ் போட்டா?"

சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் கெட்ட தாய் இல்லை என்று தெரிந்து எனக்கு மூச்சு வந்தது. அடுத்த மூச்சிலேயே, அப்படியானால் என் மகளுக்கும் வருமோ என்று பயமும் வந்தது.

பால் கொடுப்பவளுக்கு ஏற்ற மருந்தாகப் பார்த்துக் கொடுத்தார்கள். கூடவே ஒரு பயிற்சி: பயப்படும் பொருளைத் தொட்டுவிட்டு, கழுவாமல் பிள்ளையைத் தூக்க வேண்டும். கேட்பதற்குச் சுலபம். நான் பல நாள் தோற்றேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா வந்தார். காரை ஒரு தடவை பூட்டிவிட்டு நேராக உள்ளே வந்தார்.

"நீ கழுவாம தூக்கு. நான் திரும்பிப் போகாம நிக்கிறேன்."

கதவுப் பிடியைத் தொட்டேன். பிள்ளையைத் தூக்கினேன். பக்கத்தில் அப்பா, கார் தெரியும் ஜன்னல் பக்கம் பார்க்கவே கூடாது என்று கழுத்தை விறைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பேருக்கும் வேர்த்துக் கொட்டியது. பிள்ளை மட்டும் வயிறு முட்டக் குடித்துவிட்டு, வாயைத் திறந்தபடி தூங்கிப்போனாள். பார்த்துக்கொண்டிருந்த அத்தை என் வெடித்த விரல்களுக்கு மருந்து தடவிவிட்டார்.

இப்போதும் சில நாள் கை குழாயைத் தேடும், அப்பாவும் சில நாள் காரிடம் திரும்பிப் போவார். என் மகளுக்கும் இது வரலாம், வராமலும் போகலாம். வந்தால், அவளைச் சுத்தக்காரி என்று புகழாமல், ரிவர்ஸ் கியர் என்று சிரிக்காமல், பக்கத்தில் வேர்க்க வேர்க்க நிற்பதற்கு நாங்கள் இரண்டு பேர் இருக்கிறோம்.