சபார் வைத்த சிவப்பு

எங்கள் ஊரான காராகோலில் ஐம்பதைத் தாண்டிய யார் வாயைத் திறந்தாலும் ஒரு சிவப்புப் பல் இருக்கும். சோவியத் நாளில் ஊருக்கு ஒரே பல் டாக்டராக இருந்த சபார், வேர் கெட்ட பல்லுக்குள் ஒரு மருந்தை வைத்து மூடுவார். அது கண்ணாடியாக இறுகி, பல்லையே சிவப்பாக்கிவிடும். அவர் செத்து இருபது வருஷம் ஆகிறது. கைவேலை மட்டும் இன்னும் ஊரார் வாயில் இருக்கிறது.

எங்கள் டாக்டர் துர்சுனாயின் பிழைப்பே அந்தச் சிவப்பை உடைப்பதுதான். தலைநகர் பிஷ்கெக்கில் வேர் சிகிச்சை படித்து, மைக்ராஸ்கோப்போடு ஊர் திரும்பியவள். மற்றவர்கள் பிடுங்கச் சொன்ன பல்லெல்லாம் இவளிடம் வரும். கல்யாணத்துக்குக்கூட நேரமில்லாமல் பல்லுக்குள்ளேயே குடியிருக்கிறாள். சிவப்பு கண்ணில் பட்டதும், "சலாம், பைகே" என்று செத்தவரை அண்ணன் முறை வைத்துக் கூப்பிடுவாள். நர்ஸான எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பேய் விலக நான் அர்ச்சா மரப் புகை போட்டால், அக்கா முறை வைத்து, "எஜே, பேய் போறதுக்குள்ள என் லென்ஸ் போயிடும்," என்பாள்.

ஒரு நாள் காலை சபாரின் மனைவி பூருல் கன்னம் வீங்கி வந்தாள்.

"பிடுங்கிடாதம்மா. அவர் உள்ள இருக்கார்."

தினமும் பதினோரு மணிக்குப் பல் மூன்று தடவை தட்டுமாம். சபார் உயிரோடு இருந்தபோது அந்த நேரத்துக்குத்தான் தேநீர் குடிக்க வீட்டுக்கு வந்து ஜன்னலை மூன்று தட்டுத் தட்டுவார்.

"பிடுங்கல எஜே. ஆனா உள்ள சுத்தம் பண்ணாட்டி பல்லு தங்காது."

"பண்ணினா அவர் போயிடுவாரா?"

டாக்டர் கையுறையை மாட்டினாள். பூருல் கன்னத்திலிருந்து கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

ஸ்கேன் படத்தைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். வேருக்குள் நான்கு குழாய்கள். வெறுங்கண்ணால் சபார் கண்டது மூன்று. நாலாவதில் சீழ்.

"இதுதான் துடிக்குது. பேயுமில்ல ஒண்ணுமில்ல," என்று டாக்டர் என் காதோடு சொன்னாள்.

அதிர்வு ஊசி சிவப்பைத் துகள் துகளாக்கியது. நாலாவது வழியின் வாயும் மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. ஆழம் காட்டும் கருவியின் கம்பி அப்போது தட்டில்தான் கிடந்தது, பல்லைத் தொடவே இல்லை. ஆனாலும் கருவி மூன்று முறை ஒலித்தது. கடிகாரத்தில் பதினொன்று. மரத்துப்போன வாயோடு பூருல் மூன்று விரல்களைக் காட்டினாள்.

டாக்டர் கண்ணை எடுக்கவில்லை. "பைகே, கொஞ்சம் வழி விடுங்க," என்றாள். வேலையை முடித்தாள்.

ஒரு வாரத்தில் வீக்கம் வற்றிவிட்டது. அந்தப் பல்லாலேயே ஆட்டிறைச்சி மென்றதாகப் பூருல் வந்து சொன்னதும் டாக்டருக்கு ஒரே பூரிப்பு. வாசல்வரை வழியனுப்பப் போன என்னிடம் பூருல் வேறொன்று சொன்னாள்.

"பல்லு நல்லாத்தான் இருக்கு. பதினோரு மணிக்கு ரெண்டு கோப்பை வைக்கறேன். ஒண்ணு ஆறிப்போகுது."

எனக்கு அழுகை வந்துவிட்டது.

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது என் கடைவாய்ப் பல்லுக்கும் சபார்தான் சிவப்பு வைத்தார். இத்தனை வருஷத்தில் ஒருநாளும் வலித்ததில்லை. பூருல் வந்துபோன மறுநாள் காலை கருவிகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது அந்தப் பல் தட்டியது. மூன்று தடவை. நான் மணி பார்க்கவில்லை.

டாக்டரிடம் சொன்னால் சுத்தம் செய்துவிடுவாள். சொல்லவில்லை. கேத்தலை அடுப்பில் வைத்துவிட்டுப் பூருலுக்குப் போன் செய்தேன்.

"எஜே, உடனே வாங்க. டீ வச்சிருக்கேன். அவர் வந்திருக்கார்."