கழுவாத மீன்

கிறிஸ்துராஜா அண்ணையின் கட்டிலுக்குக் கீழே ஒரு நீலச் சூட்கேஸ் இருந்தது. அதற்குள் உடுப்பு இல்லை. தகரத்தில் அடைத்த மீன் ரின்கள். லண்டன் பிளேஸ்டோவில் அவர் வீட்டுப் பின்னறைக்கு நான் வாடகைக்கு வந்த முதல் ஞாயிறே அதை இழுத்துத் திறந்து காட்டினார்.

“போர்த்துக்கல், நோர்வே, மொறோக்கோ, ஸ்பெயின். பாஸ்போட் இல்லாமல் வந்து படுத்திருக்கினம்” என்றார்.

அவருக்கு அப்போது ஐம்பத்தாறு வயது. பார்க்கிங் என்ற ஊர்ப்பக்கம் ஒரு மொத்த விற்பனைக் களஞ்சியத்தில் பத்தொன்பது வருடமாகப் பெட்டி இறக்கிக்கொண்டிருந்தார். நசுங்கிய ரின்னைக் கடைகளுக்கு அனுப்ப முடியாது. லேசாக அமுங்கியிருந்தால் வேலையாட்கள் வீட்டுக்குக் கொண்டுபோகலாம். மற்றவர்கள் பீச் பழத்தையும் கோப்பியையும் எடுத்தார்கள். இவர் மீனை எடுத்தார்.

அதற்கும் ஒரு காரணம் இருந்தது. எங்கள் ஆட்கள் எல்லோரையும்போல அவரும் ரின்மீன் என்றால் தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டு, மீனைப் பிளந்து, முள்ளெடுத்து, இரண்டு தரம் கழுவி, கறித்தூள் போட்டுக் குழம்பு வைப்பது என்றுதான் நினைத்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஒரு போலந்துக்காரன் சாளை ரின்னைத் திறந்து, அப்படியே பாண் துண்டில் வைத்துத் தின்றிருக்கிறான்.

“பச்சையாத் தின்னுறான், வயித்தால போய்ச் சாகப்போறான் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். ஒரு துண்டு எனக்கும் தந்தான். அண்டைக்குத்தான் தம்பி விளங்கினது. நாங்கள் இவ்வளவு காலமும் மீனைக் கழுவி ஊத்திப்போட்டு தூளைத் திண்டிருக்கிறம்.”

அவருடைய மனைவி பிறேமினியக்காவுக்கு அது கடைசிவரை விளங்கவில்லை. “கழுவாத மீனைப் பூனையும் இந்தாளும்தான் தின்னுதுகள்” என்பார்.

ஞாயிறு மதியம், தமிழ்ப் பூசை முடிந்து வந்ததும், மேசையில் மூன்று ரின் திறபடும். வாட்டிய பாண், வெங்காயம், பாதி தேசிக்காய். அண்ணை ஒன்றிலிருந்து ஒன்றுக்குப் போக ஒரு வாய் வெறுந்தேத்தண்ணி குடிப்பார். பிறகு தீர்ப்பு வரும். “மொறோக்கோக்காரன் உப்பை பஸ்சுக்குப் போற அவசரத்தில போட்டிருக்கிறான்.” ஸ்கொட்லாந்து மக்கெரலுக்கு: “நல்ல மாப்பிள்ளை. ஒரு குறையும் இல்லை. ஒரு கதையும் இல்லை.” நோர்வேயின் சுண்டுவிரலளவு புகைமீனை ஒவ்வொன்றாக வாலில் பிடித்துத் தூக்கி, கண்ணை மூடி வாயில் விடுவார். ஸ்பெயின்காரர் புளிக்கரைசலில் போட்ட மட்டி தீர்ந்ததும், செம்மஞ்சள் எண்ணெயைப் பாணால் துடைத்து ரின்னைக் கண்ணாடியாக்கி வைப்பார். போர்த்துக்கல் சாளைக்கு மட்டும் தீர்ப்புச் சொல்வதில்லை. அதைத் தின்னும்போது யாரும் கதைக்கக்கூடாது.

நான் அதிகம் கதைக்காதவன். சாப்பாட்டு மேசையில் கவிதைப் புத்தகம் வைத்திருப்பேன். அதை ஒருநாள் திருப்பிப் பார்த்தவர், “முக்கால்வாசி வெள்ளைப் பேப்பர். இதுக்கும் காசு வாங்கிறாங்களோ?” என்றார்.

போன வருடத்துக்கு முந்தைய குளிர்காலத்தில் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. ஏழு கிழமை, முப்பத்தைந்து தரம் கதிர்வீச்சுச் சிகிச்சை. கட்டி போனது, ருசியும் மணமும் போயின. “துணியைச் சப்பிற மாதிரிக் கிடக்கு” என்றார். பலருக்குச் சில மாதங்களில் திரும்பும், ஒரு வருடத்துக்குப் பிறகும் வராவிட்டால் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். அண்ணை அந்த ஒரு வருடத்தைப் பிடித்துக்கொண்டார்.

“றஜீவன், நீதான் சோதினை வைக்கவேணும்” என்று என்னைக் கூப்பிட்டார்.

“ஏன் அண்ணை நான்?”

“இவள் என்ரை முகத்தைப் பாத்தால் பொய் சொல்லிப்போடுவாள். நீ கதைக்கிறதே இல்லை. கதைக்கப் பஞ்சிப்படுற சோம்பேறி பொய் சொல்லவும் பஞ்சிப்படுவான்.”

மாதத்தில் ஒரு ஞாயிறு. எண்ணெயில் போட்ட மூன்று மட்டும்: போர்த்துக்கல் சாளை, ஸ்கொட்லாந்து மக்கெரல், நோர்வே புகைமீன். தக்காளியும் மிளகாயும் சேர்ந்தவை சரிவராது. புளிப்பும் உறைப்பும் காட்டிக்கொடுத்துவிடும். திறக்கும் சத்தத்திலும் பிடிபடும் என்று அண்ணை கைலேஞ்சியால் கண்ணைக் கட்டிக்கொண்டு முன்னறையில் இருப்பார். நான் மூன்று சிறு தட்டில் வைத்துவிட்டு அவரைக் கூட்டிவருவேன். முடிந்ததும் கட்டை அவிழ்த்து, ரின்களை வரிசையாக வைத்துப் பார்ப்பார்.

நான்காம் மாதம் மூன்றையும் சரியாகச் சொன்னார். அக்கா சிலுவை போட்டார். அண்ணை மட்டும் சிரிக்கவில்லை.

“கள்ளம் தம்பி. நாக்கு முள்ளைத்தான் பிடிச்சது, ருசியை இல்லை. இனி மசிச்சு வை.”

மசித்து வைத்தேன். ஒன்று சரி. அடுத்த மாதம் ஒன்றுமில்லை. பிறகும் ஒன்று. குருட்டு வாக்கில் யாருக்கும் ஒன்று சரிவரும் என்பதும் அவருக்குத் தெரியும். சூட்கேஸ் மெல்ல மெல்ல வெறுமையானது. கடைசி மூன்றையும் குசினி அலுமாரியில் வைத்தேன்; சூட்கேஸில் தக்காளி ரின்கள்தான் மிஞ்சின.

கடைசிச் சோதனை ஜூன் மாதத்தில், அந்தோனியார் திருநாள் ஞாயிறு. மறுநாள் காலை ஆஸ்பத்திரியில் ஒரு வருட முடிவுக்கான பரிசோதனைச் சந்திப்பு. பூசை முடிந்து வருவோருக்கு நூறு மீன் கட்லட் கொடுப்பதாக அக்கா அந்தோனியாருக்கு நேர்த்தி வைத்திருந்தார். அண்ணைக்கு நாக்குத் திரும்பவேண்டும் என்று. கொடுத்துவிட்டு வந்தோம்.

வீட்டில் அவர் கண்ணைக் கட்டிக்கொண்டு முன்னறையில் இருந்தார். நான் குசினி அலுமாரியைத் திறந்தேன். சாளை ரின் மட்டும் இருந்தது.

அக்கா பின்னால் வந்து நின்றார். பாத்திரம் காயவைக்கும் தட்டில் மற்ற இரண்டு ரின்னும் கழுவப்பட்டு வெறுமையாகக் கவிழ்ந்திருந்தன. அவர் முகத்தைப் பார்த்ததும் விளங்கிவிட்டது. நேற்று கட்லட்டுக்கு மீன் போதாமல் போயிருக்கிறது. எடுத்துப் பிளந்து, இரண்டு தரம் கழுவி, உருட்டிப் பொரித்திருக்கிறார்.

“ஐயோ றஜீவன், இண்டைக்கெண்டு எனக்கு நினைவில்லை” என்று குரலை அடக்கிச் சொன்னார்.

“என்ன சுணக்கம்?” முன்னறையிலிருந்து அண்ணை.

போய்ச் சொல்லியிருக்கலாம். சொன்னால், எதற்காகக் கழுவினார் என்பதையும் சொல்லவேண்டும். சாளையைத் திறந்து, மசித்து, மூன்று தட்டிலும் வைத்தேன்.

அண்ணை முதல் தட்டில் ஒரு விரலளவு எடுத்தார். நெடுநேரம் வாயில் வைத்திருந்தார்.

“புகை. அடியில மெல்லிசாக் கிடக்கு. இது நோர்வே.”

தேத்தண்ணி குடித்தார். இரண்டாவது. “இது அந்த மாப்பிள்ளை. கதையில்லாதவர். ஸ்கொட்லாந்து.”

மூன்றாவதுக்கு ஒன்றும் சொல்லவில்லை. கையை உயர்த்தி, யாரும் கதைக்கவேண்டாம் என்று காட்டினார். லேஞ்சிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

“தம்பி?”

“மூண்டும் சரி அண்ணை.”

கட்டை அவிழ்த்தார். மேசையில் ஒரு ரின் மட்டும் இருந்தது. அக்கா அவசரமாக மற்ற இரண்டையும் கொண்டுவந்து அதற்குப் பக்கத்தில் வைத்தார். அண்ணை சிரித்துக்கொண்டே நோர்வே ரின்னைக் கையில் எடுத்தார். பழக்கத்தில், மிச்ச எண்ணெயைத் துடைக்க ஒரு துண்டுப் பாணை உள்ளே விட்டார். பாண் எண்ணெய் படாமல் அப்படியே வெளியே வந்தது. விரலை விட்டுப் பார்த்தார். அடுத்த ரின்னிலும் விட்டுப் பார்த்தார். விரலைப் பெருவிரலோடு உரசிக்கொண்டே இருந்தார்.

“நல்லாத்தான் கழுவியிருக்கிறாய், பிறேமினி.”

“இஞ்சாருங்கோ, நான் நேர்த்திக்கு…”

“ஓம். தெரியும்.” பிறகு என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். “புகை மணந்தது எண்டு சொன்னனானெல்லே? உண்மையாவே மணந்தது தம்பி.”

நான் தட்டுகளை எடுக்கக் கை நீட்டினேன். அவர் அவற்றை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கித் தந்தார்.

“சூட்கேசில கிடக்கிறதையும் எடு. எல்லாத்தையும் கழுவிக் குழம்பு வை” என்று அக்காவிடம் சொல்லிவிட்டு மாடிக்குப் போனார்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போகவில்லை. பிறகு வந்த கடிதத்தையும் பிரிக்கவில்லை. நீலச் சூட்கேஸில் இப்போது குளிர்காலப் போர்வைகள் இருக்கின்றன. களஞ்சியத்தில் நசுங்கியதை எடுக்கச் சொன்னால் பீச் பழம் கொண்டுவருகிறார். அக்கா அதை அயலுக்குக் கொடுத்துவிடுகிறார்.

ஞாயிறு மதியம் மூன்று பேரும் சோறும் ரின்மீன் குழம்பும் சாப்பிடுகிறோம். எப்படியிருக்கிறது என்று அண்ணை என்னிடம் கேட்பதில்லை. நான் முதல் வாய் வைக்கும்போது மட்டும் கையை நிறுத்தி, என் வாயைப் பார்க்கிறார். பிறகு குனிந்து சாப்பிடுகிறார்.