கிளட்ச் மிதித்த கால்

இரண்டாம் அலையில் என் தங்கையின் கணவருக்குக் கொரோனா வந்தது. லாரி டிரைவர். பத்து நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு வெண்ணந்தூர் வீட்டுக்குத் திரும்பினார். நான் பார்க்கப் போனபோது விரலில் ஆக்சிஜன் மீட்டரை மாட்டிக் காட்டினார். தொண்ணூற்றேழு. அந்த எண் சரியாக இருந்தால் ஆள் தப்பித்தார் என்றுதான் அன்று எல்லோரும் நம்பினோம். நான் வேலை செய்த பத்திரிகையும் அப்படித்தான் எழுதியது.

இடது கெண்டைக்கால் வலிக்கிறது என்றார்.

“கிளட்ச் மிதிக்கற கால் மச்சான். பத்து நாள் சும்மா போட்டதுல கோவிச்சுக்கிச்சு.”

“அதுக்கும் நான்தான் சமாதானம் சொல்லோணுமாக்கும்,” என்றாள் தங்கை.

டிரைவர் வீடுகளில் இதற்கு டாக்டரைத் தேடுவதில்லை. நெடுந்தூரம் ஓட்டி வந்தவர்களுக்குக் கிளட்ச் கால் பிடித்துக்கொள்ளும். விளக்கெண்ணெயைச் சூடாக்கிக் காலை நீவி வழித்துவிடுவார்கள். நான் அவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டேன். அவள் இரண்டு கட்டைவிரல்களாலும் கணுக்காலிலிருந்து மேல்நோக்கி அழுத்தி வழித்தாள். அந்தக் கால் மற்றதைவிடத் தடித்திருந்தது. தோல் மினுங்கியது. தொட்டால் சுட்டது. எண்ணெயின் சூடு என்று நினைத்தேன்.

மறுநாள் காலை பல் துலக்கப் போனவர் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். மூச்சு வாங்கியது. மீட்டர் எண்பதுக்குக் கீழே காட்டியது. சேலத்தில் கொண்டுபோய்ச் சேர்த்த ஒரு மணி நேரத்தில் இறந்துவிட்டார்.

“காலை யாராவது நீவுனீங்களா?” என்று டாக்டர் எங்கள் இருவரையும் கேட்டார்.

“நாந்தானுங்க,” என்றாள் தங்கை.

அவர் என்னை மட்டும் உள்ளே அழைத்தார்.

“இந்த நோய் நுரையீரலோட நிக்கறதில்லைங்க. ரத்தக்குழாயோட உள்சுவரைப் புண்ணாக்கிடுது. கால்ல ரத்தம் உறைஞ்சு, அந்தக் கட்டி மேலே ஏறி, நுரையீரலுக்குப் போற குழாயை அடைச்சிருக்கு. இதயத்தால தள்ள முடியல.”

“நீவுனதாலயா?”

“நீவினதுல நகர்ந்திருக்கலாம். நீவாமலும் நகரும். சொல்ல முடியாது.”

தங்கை வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

“நான் வழிக்காம உட்டிருந்தா இருந்திருப்பாருங்களாண்ணா?”

“இல்ல. வழிக்காம உட்டாலும் அது நகருமாம்.”

அவள் என் முகத்தையே பார்த்தாள்.

“டாக்டரு வேற என்ன சொன்னாரு?”

“அவ்வளவுதான்,” என்றேன்.