நின்ற நீரில் அலசிய மல்

அன்று சாய அண்டாவைச் சுற்றி நின்றவர்கள் நைனா, அம்மா, சித்தப்பா, நான், மயிலாப்பூர் வக்கீல் வீட்டுக் குமாஸ்தா. அண்ணன் மட்டும் இல்லை. காலையில் ஈரத்துணி மூட்டையை இராயப்பேட்டையில் எங்கள் சாயக் கொட்டகை வாசலில் இறக்கிவிட்டு, கஞ்சி கூடக் குடிக்காமல் போனவன் திரும்பவில்லை.

வக்கீல் வீட்டம்மாள் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்த பழைய மல்துணித் துண்டு ஒன்று கொட்டகைக் கொடியில் தொங்கியது. விரல் தெரியும் அளவு மெல்லிசு. வெள்ளையில் சிவப்புக் கொடியும் மொக்குமாய் வேலைப்பாடு. மகள் கல்யாணத்துக்கு அதே மாதிரி வேண்டும் என்று இருபது கெஜம் உயர்ந்த மல் வாங்கி அனுப்பியிருந்தார்கள். துணி அவர்களுடையது, கெட்டால் ஈடு கட்ட வேண்டியது நாங்கள். வீட்டில் இருந்த பணமோ என் பரீட்சைக்குக் கட்ட வைத்திருந்தது மட்டும். எங்கள் குடும்பத்தில் அதுவரை யாரும் பரீட்சை எழுதியதில்லை.

எங்கள் வேலையில், கடுக்காய்ச் சாற்றில் ஊறிய துணிமேல் அச்சுக்கட்டையால் ஒற்றுவது சாயத்தை அல்ல, படிகாரப் பசையை. ஒற்றியது கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஓடும் நீரில் அலசிச் சாயத்தில் கொதிக்க வைத்த பிறகுதான் பசை விழுந்த இடம் சிவக்கும். அதுவரை நல்லதும் கெட்டதும் ஒரே நிறம்.

சித்தப்பா கோலால் துணியைத் தூக்கினார். மொக்குகள் இரத்தச் சிவப்பாய் வந்திருந்தன. குமாஸ்தா கைதட்டினார்.

"பேஷ்! ஆத்துல மாமி காலம்பரலேர்ந்து கேட்டுண்டே இருக்கா."

நைனா ஒரு முனையைப் பிழிந்து வெளிச்சத்தில் பிடித்தார். மொக்குகளுக்கு நடுவே வெள்ளை இருக்க வேண்டிய இடமெல்லாம் ரோஜா நிறம் படர்ந்திருந்தது.

"கடுக்கா மஞ்சளா இருக்கும். ஒரு வெயிலுக்குப் பூடும்," என்றாள் அம்மா.

"மஞ்சள் இல்லடி, செவப்பு. வெயில் இன்னா பண்ணும்?" நைனா சித்தப்பா பக்கம் திரும்பினார். "எங்கடா அலசினான்?"

சித்தப்பா அண்டாவையே பார்த்தார். "மாம்பலத்து ஏரியத்தான் மண்ணு கொட்டித் தூத்துக்கினு கீறானுங்களே. மதகுக் கால்வாய்ல சொட்டுத் தண்ணி இல்ல. அடையாத்துக்குத்தான் போனான்."

"அடையாறு ஓடுதா?"

"முகத்துவாரம் மணல் அடச்சிக்கினு கீது, நைனா," என்றேன் நான். முந்தின ஞாயிறுதான் பார்த்திருந்தேன். ஆறு குளம் போல் நின்றது. ஓடும் நீரில் கழன்ற படிகாரம் நீரோடு போய்விடும். நின்ற நீரில் அது திரும்பி வந்து வெள்ளையில் உட்காரும். அண்ணனுக்கும் இது தெரியும். வேறு தண்ணீர் எங்கே இருந்தது அவனுக்கு?

குமாஸ்தா குரலைத் தாழ்த்தினார். "கல்யாணத்துக்கு நாலு நாள்தான் இருக்கு. பழங்காலத்துத் துணின்னா இப்படித்தான் மங்கலா இருக்கும்னு நான் மாமிகிட்ட சொல்லிடறேன். அவாளுக்கு என்ன தெரியப்போறது?"

அம்மா நைனாவைப் பார்த்தாள், பிறகு என்னை. நான் புத்தகப் பையைப் பார்த்தேன். 'சரி' என்று நைனா சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது.

நைனா கொடியிலிருந்து பழைய துண்டை எடுத்துப் புதுத்துணி மேல் விரித்தார். மடிப்பெல்லாம் நைந்து, ஓரம் கிழிந்த துண்டு. ஆனால் மொக்குக்கும் மொக்குக்கும் இடையே பால் போல் வெளுப்பு.

"பழசே வெள்ளையாத்தான் கீது, சாமி," என்றார்.

குமாஸ்தா குடையை எடுத்துக்கொண்டு எழுந்தார். "அப்புறம் உங்க இஷ்டம்."

மறுநாள் நைனாவும் நானும் மயிலாப்பூருக்கு நடந்தோம். வீட்டம்மாள் இரண்டு துணியையும் ஊஞ்சல் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். கோபித்துக்கொண்டிருந்தால் தேவலை.

"நான் இனிமே யார்கிட்ட போவேன்?" என்றாள். "துணிக்கான பணத்த மட்டும் வச்சுட்டுப் போங்கோ. இதை நீங்களே எடுத்துண்டு போயிடுங்கோ."

நைனா என்னிடம் கை நீட்டினார். சட்டைப்பையில் அம்மா பரீட்சைப் பணத்தை முடிந்து கொடுத்திருந்த முடிச்சை எடுத்துக் கொடுத்தேன். அவர் அதை அவிழ்க்காமலே ஊஞ்சல் ஓரத்தில் வைத்தார்.

திரும்பும்போது அண்ணன் குளத்தெரு முனையில் நின்றுகொண்டிருந்தான். கண்கள் வீங்கியிருந்தன. நைனா மூட்டையை அவன் தோளில் ஏற்றினார்.

"எவ்ளோ ஆச்சி?" என்று என்னைக் கேட்டான்.

"முப்பத்திரெண்டு ரூபா."