விரலுக்கு ஒரு பெயர்ப்பலகை

எண்ணூர் போகும் வழியில் கல்மண்டபத்தில் இறங்கி, லேசரால் எழுத்து வெட்டும் கடையில் பித்தளைப் பெயர்ப்பலகை செய்யக் கொடுக்கிறேன். நண்பன் செல்வத்துக்குப் பார்வை போய்விட்டது. எண்ணூரில் அவன் குடியிருப்பில் எல்லாக் கதவுகளும் ஒன்றுபோல இருப்பதால் அடிக்கடி பக்கத்து வீட்டைத் தட்டுகிறான்.

இதைச் சொன்னதும் கடைக்காரர் யூசுப் பாய் தொடங்கிய வேலையை நிறுத்துகிறார்.

"எழுத்த வெட்னா மெல்லிசாப் பள்ளம் வுழும், வெரலுக்குத் தட்டுப்படாது. சுத்தி வெட்டி எழுத்த மேல நிக்க வெக்கிறேன். நேரமாவும், குந்து நைனா."

ஒளிப்புள்ளி பித்தளையைத் திரும்பத் திரும்பச் சுரண்டுகிறது. வெளியே கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே எண்ணூர் பஸ் இரண்டு போய்விடுகின்றன.

முடிந்ததும் பாய் கூர்முனைகளை உப்புத்தாளால் தேய்க்கிறார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வோர் எழுத்தாக விரலால் தடவுகிறார்.

"இதான செல்வம் வூடு?"



"ஆமா பாய், உள்ள வாங்க" என்கிறேன்.