அதிகாரக் குரலுக்கு எழுந்து நின்றவள்

இங்கே பல்கலைக்கழகக் கழிவறைக் கதவுகளின் உட்புறத்தில் எல்லாம் ஓர் அறிவித்தல் ஒட்டியிருக்கிறது. அரச அதிகாரி என்று சொல்லி யாராவது தொலைபேசியில் மிரட்டினால், பதில் சொல்லாமல் தொடர்பைத் துண்டித்துவிடுங்கள் என்கிறது. மெல்பேர்ணுக்கு வந்த முதல் மாதம் அதை வாசித்தபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. அதிகாரி பேசிக்கொண்டிருக்கும்போது போனை வைப்பதா? கொழும்பு, கொட்டாஞ்சேனையில் வளர்ந்த ஒருத்தியிடம் சொல்லுகிற பேச்சா இது?

சண்டைக் காலத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் இருந்தது. அடையாள அட்டைப் பிரதிகள், பொலிஸ் பதிவுத் துண்டு, கிராம சேவகரின் கடிதம், என் பிறப்புச் சான்றிதழ் எல்லாம் அதற்குள். கதவைத் தட்டும் சத்தம் கேட்டால் அப்பா முதலில் ஃபைலை எடுப்பார், பிறகுதான் சாரத்தைச் சரிசெய்வார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர். சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனாலும் வந்தவர் யார், எதற்கு வந்தார் என்று ஒருநாளும் திருப்பிக் கேட்டதில்லை. கேட்கும் முன்பே எல்லாவற்றையும் நீட்டிவிடுவார். நீட்டினால் சீக்கிரம் போய்விடுவார்கள். பாதுகாப்பு என்று எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

எனக்கு அந்த அழைப்பு வந்தது ஒரு மதிய வேளையில். விடுதி அறையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குடிவரவுத் திணைக்களம் என்றது குரல். என் பெயரையும் பாடநெறியையும் சரியாகச் சொன்னது. என் விசாவில் விசாரணை ஒன்று இருக்கிறது, ஒத்துழைக்காவிட்டால் நாட்டுக்குத் திருப்பி அனுப்புவோம் என்றது. நான் எழுந்து நின்றுவிட்டேன். அறையில் வேறு யாரும் இல்லை. யாருக்காக எழுந்தேன் என்று நினைக்க இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. கடவுச்சீட்டின் படத்தைக் கேட்டார்கள், அனுப்பினேன். போனுக்கு வந்த இரகசிய இலக்கத்தைக் கேட்டார்கள், வாசித்துச் சொன்னேன். வீட்டில் பொறுப்பானவர் யார் என்றார்கள், அப்பாவின் பெயரையும் இலக்கத்தையும் கொடுத்தேன். விசாரணை முடியும்வரை வேறு அழைப்பு எதையும் எடுக்கக்கூடாது என்றார்கள். சரி சேர் என்றேன்.

பிறகு வளாகப் பாதுகாப்பு அலுவலர் என்னிடம் கேட்டார், கடவுச்சீட்டைக் கேட்டபோது உனக்கு விநோதமாகப் படவில்லையா என்று. எங்கள் ஊரில் அதுதான் முதல் கேள்வி என்றேன். ‘ஓ, உங்கள் நாட்டிலும் இந்த மோசடிக்காரர்கள் இருக்கிறார்களா?’ என்றார் பரிவோடு. இல்லை, அது பொலிஸ் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. நல்ல மனிதர், என் கணக்கைப் பூட்டி, கடவுச்சொற்களை மாற்றித் தந்து, கையில் ஒரு துண்டுப்பிரசுரத்தையும் வைத்தார். இங்கு படிக்க வரும் எங்கள் பிள்ளைகளுக்கு அதில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். பயந்தவுடன் கை தானாக நீளும். அது உங்கள் முட்டாள்தனம் அல்ல, பழக்கம். அந்தப் பழக்கத்தை விமானத்தில் ஏறுமுன் யாரும் கழற்றி வாங்கிக்கொள்வதில்லை. போனை வையுங்கள். பிறகு உண்மையான அலுவலகத்தின் இலக்கத்தை நீங்களே தேடி எடுத்துக் கேளுங்கள்.

நான் வைக்கவில்லை. அந்த ஒன்றரை மணித்தியாலத்தில் அப்பாவின் அழைப்பு பதினேழு தடவை திரையில் வந்து வந்து நின்றது. கட்டளைப்படி ஒன்றையும் எடுக்கவில்லை. அதன் பிறகு ரிஸ்வான் நானாவின் செய்தி வந்தது. அம்மா போன பிறகு தனியாக இருக்கும் அப்பாவை ஆஸ்பத்திரிக்கும் கோயிலுக்கும் ஏற்றிப்போகிற மாளிகாவத்தை ஓட்டோக்காரர் அவர். ‘மகள், ஒங்கட அப்பா பொலிஸ் வாசல்ல நிண்டு அழுவுறார். நீங்க எங்க ஈக்கீங்க?’ என்றிருந்தது. அப்போதுதான் துண்டித்தேன்.

நடந்தது இதுதான். அதே கூட்டம் வேறொரு போனில் அப்பாவை அழைத்து, உன் மகள் எங்கள் காவலில் இருக்கிறாள், விடுவிக்கப் பணம் வேண்டும் என்றிருக்கிறது. அப்பா என்னை அழைத்துப் பார்த்திருக்கிறார். நான் எடுக்காததால் நம்பிவிட்டார். வங்கிக்கு ஓடுவார் என்று அவர்கள் காத்திருந்தார்கள். அப்பா ஃபைலை எடுத்துக்கொண்டு பொலிஸுக்கு ஓடினார். மெல்பேர்ணில் பிடிபட்டவளைக் கொழும்பில் தேடுவதா என்று அவர் யோசிக்கவில்லை. சண்டைக் காலத்தில் வெள்ளவத்தை லொட்ஜ் ஒன்றில் வைத்துச் சித்தப்பாவைப் பிடித்துப்போனபோதும், ஏதோ ஒரு பொலிஸ் வாசலில் போய்த்தான் நின்றார்.

ரிஸ்வான் நானாவின் போனுக்கு வீடியோ அழைப்பு எடுத்தேன். அப்பாவின் முகம் வந்தது.

“பிள்ளை, உனக்குப் பக்கத்தில ஆர் நிக்கினம்?”

“ஒருத்தரும் இல்லை அப்பா. நான் சுகமா இருக்கிறன். அவங்கள் கள்ளர்.”

“அப்பிடித்தான் சொல்லச் சொல்லுவாங்கள்.”

சித்தப்பாவும் உள்ளே இருந்து ஒருமுறை போனில் கதைத்தவர். நான் சுகம் அண்ணா என்றார். வெளியே வந்த பிறகுதான், கதைக்கும்போது தன் தோளில் ஒருவன் கை வைத்திருந்ததைச் சொன்னார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தச் சொல்லில் நம்பிக்கை இல்லை. என் குரலையும் முகத்தையும் கண்டும் அவர் நம்பவில்லை.

“கமராவைத் திருப்பு. கதவைத் திற. வெளியில போ.”

போனேன். நடை, படிக்கட்டு, புல்வெளியில் படுத்துக்கிடந்த மாணவர்கள் எல்லாவற்றையும் காட்டினேன். இன்னும் போ என்றார். வளாகக் கேற்றைத் தாண்டி ட்ராம் ஓடும் தெருவில் போய் நின்றேன்.

“உன்னை ஒருத்தரும் மறிக்கேல்லையா?”

“இல்லை அப்பா.”

“உள்ளுக்குப் போ பாப்பம்.”

போனேன்.

“இப்பவும் மறிக்கேல்லையா?”

“இல்லை.”

“இன்னொருக்கா.”

அவருக்குப் பின்னால் ஓர் இளம் பொலிஸ்காரர் நாற்காலி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, “வாடிவென்ன, அங்கிள்” என்று உட்காரச் சொன்னது கேட்டது. அப்பா உட்காரவில்லை. நான் வெளியே போனேன், உள்ளே வந்தேன், மறுபடியும் வெளியே போனேன். அங்கே அவர் உட்காரும்வரை இங்கே நான் அந்தக் கேற்றால் போவதும் வருவதுமாக இருந்தேன்.