சிம்ம ராசிக்கு வடக்கு வாசல்

பத்தொன்பது வருடத்தில் ஏழு வாடகை வீடுகளைக் காலி செய்தவள் நான். ஏழிலும் தப்பு என்மேல் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன். குரோம்பேட்டையில் வீட்டுக்காரர் மொட்டைமாடியில் துணி காயப்போடக் கூடாது என்றார். பிறகு எங்கே போடுவது, என் தலையிலா என்று கேட்டேன். அத்தோடு அந்த வீடு போயிற்று. சேலையூரில், நான் வீட்டிலேயே கணக்கு டியூஷன் எடுப்பதால் படிக்கட்டு முழுக்கச் செருப்பு கிடக்கிறது என்று குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் படம் போட்டார்கள். நான் செயலாளர் வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளைப் படம் எடுத்துப் பதிலுக்குப் போட்டேன். பதினொரு ஜோடி. அவர் வீட்டில் இருப்பதே மூன்று பேர்.

என் கோபம் மொத்தம் பத்து நிமிடம்தான். ஆனால் அந்தப் பத்து நிமிடமும் நான் வீட்டுக்குள் இருக்கக் கூடாது. தெருமுனை வரை விறுவிறுவென்று நடந்துவிட்டு வந்தால் ஆறிவிடும். அடுக்குமாடியில் இது பெரிய பேஜார். கதவை அறைந்து சாத்திக்கொண்டு வெளியே வந்தால், லிஃப்ட் வரும்வரை நிற்க வேண்டும். எதிர்வீட்டம்மா எட்டிப் பார்த்து, "காய் வாங்கவா?" என்பார். திரும்பி வந்தால் அதே கதவு, அதே சோபா, அதில் அதே பொறுமையோடு என் கணவர். தோற்றுப் போனவள்போல நுழைய வேண்டும். அது எனக்கு ஆகாது. அதனாலேயே ஆறிய சண்டை மறுபடி சூடேறும்.

கணவர் எனக்கு நேர் எதிர். ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் வேலை. காலையில் கம்பெனி பஸ்ஸில் படப்பை வழியாகப் போவார், மாலையில் அதே பஸ்ஸில் வருவார். ஆறு வீடுகளை வாய் திறக்காமல் அட்டைப் பெட்டிகளில் கட்டியவர், ஏழாவதைக் கட்டும்போது மட்டும், மிக்சியைப் பழைய துண்டில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "இனிமே போற வீடுதான் எனக்குக் கடைசி. அங்கயும் உனக்குச் சண்டை வந்தா நீ மட்டும் மாறிக்கோ. நான் இருந்துக்கறேன்."

கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவர் பாட்டுக்குச் சொல்லிவிட்டு, டேப் எங்கே என்று தேடினார். எனக்கு நிஜமாகவே பயம் வந்துவிட்டது.

அதனால் எட்டாவது வீட்டை நான் பெண் பார்ப்பதுபோலப் பார்த்தேன். மேடவாக்கம், கூடுவாஞ்சேரி, நடுவில் இருக்கிற அத்தனை நகர்களும். எல்லாம் ஒரே அச்சு. கதவைத் திறந்தால் ஹால், ஹாலில் நின்றால் பாத்ரூம் கதவு, பால்கனியில் நின்றால் பக்கத்து வீட்டுக் குக்கர். ஒவ்வொன்றிலும் நின்று, இங்கே எனக்குக் கோபம் வந்தால் எந்தப் பக்கம் போவேன் என்று மட்டும் யோசிப்பேன். புரோக்கர் அண்ணாவுக்குச் சலித்துவிட்டது.

"மேடம், கோவிலம்பாக்கத்துல ஒரு வூடு கீது. பாக்குறவங்க எல்லாம் ஓடிப் போயிடுறாங்க. நீங்க வேணா வந்து பாருங்க."

மூலை மனை. மூன்று பக்கம் தெரு, தெற்கே வீட்டுக்கார அக்காவின் சொந்த வீடு. எந்தத் தெருவிலிருந்து பார்த்தாலும் அந்தப் பக்கம்தான் முன்பக்கம் என்று தோன்றும். மூன்று பக்கமும் படி, மூன்று பக்கமும் காலிங் பெல், மூன்று பக்கமும் மஞ்சள் குங்குமம் வைத்த தேக்கு வாசக்கால். உள்ளே நடு ஹால் ஒரே தரையாக இல்லை. கிழக்கு வாசலில் நுழைந்தால் ஒரு படி இறங்க வேண்டும், வடக்கு வாசலுக்கு இரண்டு படி ஏற வேண்டும். மொட்டைமாடிக்குப் போகும் படிக்கட்டு பாதி தூரம் ஏறி, மனசு மாறி, எதிர்ப்பக்கம் திரும்பி ஏறியது. சமையலறை விளக்குக்கு ஸ்விட்ச் படுக்கையறையில் இருந்தது.

அக்காவின் குடும்பம் அந்த இடத்தில் முன்பு நெல் போட்டவர்கள். இப்போது வாடகைக்கு விடுகிறார்கள். அவர் கதையை ஒளிக்காமல் சொன்னார்.

"மொதல்ல கெழக்கால வாசல் வெச்சோம் டீச்சர். எங்க வூட்டுக்காரருக்குக் கால் ஒடிஞ்சிடுச்சி. வாஸ்து பாக்குறவரு ஒருத்தரு வந்து, வடக்கால வையின்னாரு. வெச்சோம். பையனுக்கு வேலை போயிடுச்சி. வேற ஒருத்தரு வந்து மேக்கால வையின்னாரு."

"புதுசு வைக்கும்போது பழசை எடுத்திருக்கலாமே அக்கா."

"நல்லா கீதே. நவதானியம் போட்டு, பூஜை பண்ணி நிறுத்துன வாசக்கால எவனாவது புடுங்குவானா? குடும்பத்துக்கு ஆவாது."

வாஸ்து சொன்னால் புது வாசல் வைக்க வேண்டும், பூஜை போட்ட பழைய வாசலை எடுக்கக் கூடாது. இரண்டையும் ஒருவர் மனசாரக் கடைப்பிடித்தால் வீடு இப்படித்தான் வரும். மூன்றாவதாக ஒரு வாஸ்துக்காரர் வந்திருந்தால் மொட்டைமாடியிலும் ஒரு வாசல் இருந்திருக்கும்.

"உங்களுக்கு இன்னா ராசி?" என்றார் அக்கா.

"சிம்மம்."

எல்லாம் புரிந்ததுபோலத் தலையாட்டினார். "அப்ப வடக்கு வாசல். சாருக்கு?"

"மீனம்."

"அதுக்குக் கெழக்கு. ஒரே வூட்ல ரெண்டும் கீது. உங்களுக்கோசரமே கட்டுன மாதிரி இல்ல?"

கணவர் அதற்குள் கட்டைவிரலால் தரையை அழுத்தி, சுவரைத் தட்டி, ஆராய்ச்சி நடத்திக்கொண்டிருந்தார். "எதுவும் லெவல்ல இல்ல" என்றார். பிறகு மூன்று வாசலுக்கும் நடுவில் நின்று, "காத்து நல்லா வருது" என்றார். அவர் வாயிலிருந்து இதற்கு மேல் பாராட்டு வராது. பெண் பார்க்க வந்தபோது என்னைப் பற்றி இவ்வளவுகூடச் சொல்லவில்லை.

வந்த முதல் வாரத்திலேயே எனக்கு அந்த வீடு பிடித்துப் போயிற்று. பிடித்தது என்பது சாதாரண வார்த்தை, எனக்குக் காதலே வந்துவிட்டது. மேற்கு வாசல் டியூஷன் பிள்ளைகளுக்கு, செருப்பெல்லாம் அங்கே. கிழக்கு அவருக்கு. வடக்கு எனக்கு. கோபம் வந்தால் வடக்கு வாசல் வழியாக வெளியேறி, தெருவைச் சுற்றி, மேற்கு வாசலில் நுழைந்து நேராகச் சமையலறைக்குப் போய் டீ போடுவேன். அவர் வடக்குக் கதவையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"எப்ப வந்த?"

"நான் எங்க போனேன்?"

அவ்வளவுதான், சண்டை முடிந்தது. இரண்டு தடவை மனசை மாற்றிக்கொண்டு, மூன்று முடிவையும் வெட்கமில்லாமல் வெளியே காட்டிக்கொண்டு நிற்கிற வீடு அது. நானும் அப்படிப்பட்ட ஆள்தான்.

பதினொரு மாத ஒப்பந்தம் முடிகிற சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா ஒரு புது வாஸ்துக்காரரோடு வந்தார். அவர் கைபேசியில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு ஹாலின் மூன்று தரையிலும் ஏறி இறங்கினார்.

"பையனுக்கு ரெண்டு வருசமா பொண்ணு பாத்துகினு கீறோம், ஒண்ணும் அமையல" என்றார் அக்கா. "மூணு வாசல் இருந்தா வர்ற சம்பந்தம் நிக்காம வெளிய போயிடுமாம். கெழக்க மட்டும் வெச்சிகினு மத்த ரெண்டையும் மூடணும்ன்றாரு. வாசக்கால எடுக்க வாணாம், உள்ளால செங்கல் வெச்சிடலாம். புதன்கெழமை கொத்தனாரு வர்றாரு டீச்சர்."

எனக்குத் தொண்டை வரைக்கும் பத்து வாக்கியம் வந்து நின்றது. ஒவ்வொன்றும் ஒரு வீட்டைக் காலி செய்யப் போதுமானது. ஆனால் கணவர் அங்கேயே உட்கார்ந்திருந்தார், மிக்சியைச் சுற்றிக்கொண்டே சொன்ன அதே மனிதர். நான் வாயைத் திறந்தால் எட்டாவது வீடும் போகும். இந்தத் தடவை அவர் உள்ளே இருப்பார், நான் மட்டும் வெளியே போக வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு சமையலறைக்குப் போனேன். கல்லில் தோசை கருகியது. எடுக்கத் தோன்றவில்லை.

ஹாலில் யாரோ கத்தினார்கள். டிவி என்று நினைத்தேன். அப்புறம்தான் குரல் புரிந்தது.

"பத்தொன்பது வருஷம் கழிச்சு இப்பதான் ஒரு வீட்டுல நாங்க நிம்மதியா இருக்கோம். அதுல செங்கல்லைக் கொண்டுவந்து வைப்பீங்களா? பொண்ணு வரணும்னா வாசலைத் திறந்து வைப்பாங்களா, மூடுவாங்களா? யார் சொன்னாலும் கேட்டுக்கிட்டே இருப்பீங்களா? ஒரு செங்கல் உள்ள வராது, சொல்லிட்டேன்."

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பார்கள். நம் வீட்டுச் சாது மிரண்டு அதுவரை நான் பார்த்ததில்லை. ஓடிவந்து பார்த்தால், மனிதர் எழுந்து நிற்கிறார், முகமெல்லாம் சிவந்திருக்கிறது. வாஸ்துக்காரர் இரண்டு படி மேலே போய் வடக்கு வாசலோரம் நின்றுகொண்டிருந்தார். அக்கா என்னைத்தான் பார்த்தார்.

"டீச்சர், சார் கத்துவாரா?"

"எனக்கும் இப்பதான் தெரியும்" என்றேன்.

வாழ்க்கையில் முதல் தடவையாக நான் ஒரு சண்டையை விலக்கிவிட்டேன். எல்லோருக்கும் தண்ணீர் கொடுத்தேன். வாஸ்துக்காரரிடம், "மூடாம செய்யற பரிகாரம் ஏதாவது இருக்குமே சார்" என்று பணிவாகக் கேட்டேன். அந்தக் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அவர் கைபேசியைப் பார்த்தார், என் கணவரைப் பார்த்தார், வாசற்படிக்கு ஒன்றாக மூன்று செப்புத் தகடு பதித்தால் தோஷம் கழியும் என்றார்.

"தகடு போட்டா சரியாப்பூடும்னா எனக்கு இன்னா போவுது" என்று அக்கா எழுந்தார். போகும்போது, "சாருக்கு மோர் குடுங்க டீச்சர்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

அவர்கள் போன பிறகு கணவர் ஹால் படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"கிழக்கு வாசலைத்தான் விட்டு வைக்கறேன்னாங்களே. உங்களுக்கு அது போதுமே. எதுக்கு அவ்வளவு கோபம்?"

"வடக்கை மூடியிருந்தா நீ கிளம்பியிருப்ப."

"ஆமா. அதான் நீங்க இருந்துக்கறேன்னு சொன்னீங்களே."

அவர் கட்டைவிரலால் தரையை அழுத்திக்கொண்டே சொன்னார்.

"நீ போனா நானும்தான் மூட்டை கட்டணும். அன்னைக்குச் சும்மா சொன்னேன். சொல்லும்போதே தெரியும், என்னால முடியாதுன்னு."

பதினொரு மாதம் அக்காவிடமும் அக்கம்பக்கத்திலும் நான் நாக்கைக் கடித்துக்கொண்டு வாழ்ந்தது இவருடைய ஒரு வெறும் மிரட்டலுக்கு. நியாயமாக எனக்குக் கோபம் வரவேண்டும். வரும் வரும் என்று காத்திருந்தேன். அழுகைதான் வந்தது, அதுவும் சத்தமாக.